மலை லைனில் வந்த ஓர் இங்கிலீஷ் வாக்கியம்

கடலைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எதைத் தூக்கும், எது எதை இறக்கும் என்று எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் வேடிக்கையான படிப்புதான். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக அந்தக் காலத்தில் இரண்டு பஸ் மாற வேண்டும்.

போன மாதம் எங்கள் டெலிபோன் ஆபீஸில் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்த ஹாலை இடித்துவிட்டு வேறு ஏதோ கட்டப் போகிறார்களாம். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க எஸ்.எஸ்.எல்.சி.தான்னு சொல்றாங்க. இங்கிலீஷ் இவ்வளவு நல்லா பேசுறீங்களே, எந்த கோர்ஸ்ல சேர்ந்தீங்க?"

"எங்க அத்தாவோட கயித்துக் கடையில" என்றேன். அவள் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். நிஜத்தைத்தான் சொன்னேன். டீ ஆறுவதற்குள் விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடை கடைவீதியில் இருந்தது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கன்றுக்குத் தும்பு, கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, லாரிக்குத் தார்ப்பாய், எல்லாம் கிடைக்கும். தடித்த வடம் வேண்டுமென்றால் அத்தா கடலூர் முதுநகருக்குப் போய்ப் பழைய கப்பல் சாமான் விற்பவர்களிடம் வாங்கி வருவார். கப்பலில் ஓய்ந்த கயிறு கரும்பு வண்டிக்கு இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்பார். அப்படி ஒருமுறை வந்த கித்தான் மூட்டைக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அட்டை இல்லை. முதல் அத்தியாயமும் இல்லை. உப்புத் தண்ணீர் ஊறிக் காய்ந்து, ஊதின அப்பளம் மாதிரி இருந்தது. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடத்தில் யாருக்கும் எதுவும் ஆகாது. ராமன் பழம் தின்பான், சீதை பூப் பறிப்பாள், அவ்வளவுதான். இந்தப் புத்தகத்தில் நான் பிரித்த முதல் பக்கத்திலேயே ஒருத்தன் புயலில் பாய்மரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாங்கிய கயிறு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. அவன் விழுவானா மாட்டானா என்பது அந்த வார்த்தையில் இருந்தது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் டிக்ஷனரி கிடையாது. கடையில் அத்தாவிடம் போய் நின்றேன்.

"அத்தா, மேல ஒருத்தன் தொங்குறான். கயிறு ஒன்னொன்னா ஏதோ ஆவுது. முதல்ல ஒன்னு, அப்புறம் இன்னொன்னு. மூணாவது மட்டும் நிக்குது."

அத்தாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. தராசை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். "ஒன்னொன்னா ஆவுதுன்னா அது கயிறு இல்லம்மா, புரி. மூணு புரி சேந்துதான் கயிறு. ரெண்டு புரி அத்துக்கினு போச்சு, ஒன்னு தாங்குது. அவன் கீழ எறங்கலாம், ஆனா சீக்கிரம் எறங்கணும்."

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'ஸ்ட்ராண்ட்' என்றால் புரி. 'பார்ட்' என்றால் அறுந்து போவது. அவன் சீக்கிரம்தான் இறங்கினான்.

அந்த ஒரு புத்தகத்தை முடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிறகு கிளை நூலகத்தில் சாகசக் கதைகளைத் தேடித் தேடி எடுத்தேன். பாலைவனம், காடு, ஆளில்லாத தீவு, பனிமலை, எதுவானாலும் சரி, யாருடைய உயிராவது ஊசலாட வேண்டும். இதற்குள் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெரியாத வார்த்தையை உடனே யாரிடமும் கேட்க மாட்டேன். முதல் தடவை வந்தால் முகம் பார்த்து வைத்துக்கொள்வேன். இரண்டாவது தடவை வேறு இடத்தில் வரும்போது, 'இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்றும். மூன்றாவது தடவை வந்தால் பெரும்பாலும் அறிமுகமாகிவிடும். சில வார்த்தைகள் ஆள்மாறாட்டமும் செய்யும். 'கிவ் எ வைட் பெர்த்' என்று படித்துவிட்டு, ரயிலில் அகலமான படுக்கை கொடுக்கச் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாறைக்குப் போய் ஏன் படுக்கை கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தில்தான் அர்த்தம் விளங்கியது. பாறை பக்கம் போகாமல் கப்பலை நன்றாக விலக்கி ஓட்டு என்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. இந்தச் சொற்றொடர்களை மற்றவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் படிக்கிறார்கள். கப்பலில் இருந்து வந்தவை என்பது பிறகு யாராவது சொன்னால்தான் தெரியும். எனக்குத் தலைகீழ். 'நோஸ் தி ரோப்ஸ்' என்றால் எனக்கு நிஜமாகவே கயிறு தெரிந்தவன். தொழில் தெரிந்தவன் என்ற அர்த்தம் இருப்பதை வேலைக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டேன். கிடைத்தது. மாமா வீட்டுக்கு வந்து, "பொம்பளப் புள்ளய ஊர் ஆம்பளைங்களோட பேசுற வேலைக்கு அனுப்புறதா?" என்று சத்தம் போட்டார். அத்தா, "என் கடைக்கும்தான் ஊர் ஆம்பளைங்க வர்றாங்க, அவதான் கயிறு அளந்து குடுக்குறா" என்று சொல்லி முடித்துவிட்டார். மெட்ராஸில் சில மாதம் பயிற்சி. அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது, முதல் ஞாயிற்றுக்கிழமை கூட இருந்த பெண்களோடு கடற்கரைக்குப் போனது. எல்லாரும் அலையில் நனைந்துகொண்டிருக்க, நான் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் போய், "தண்ணி எப்ப வத்தும்? படகு எப்ப தரையில உக்காரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க அப்படியெல்லாம் வத்தாதும்மா. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். நீ எந்த ஊரு?" என் புத்தகத்துக் கடல் வேறு எங்கேயோ இருந்தது.

கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சில் அப்போது கையால் இணைக்கும் போர்டுதான். எதிரே ஒரு பலகை. அதில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஒரு துளை, துளைக்கு மேலே சின்னப் பித்தளை மூடி. அந்த முனையில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி 'டக்' என்று விழும். கார்டை, அதாவது இணைப்புக் கயிற்றை, எடுத்துச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, இன்னொரு துளையில் அடுத்த கார்டைச் செருக வேண்டும். வெளியூர் என்றால் விழுப்புரம் வழியாக டிரங்க். 'ஹலோ' சொல்லக்கூடாது, சிரிக்கக்கூடாது, பேச்சைக் கேட்கக்கூடாது.

எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர், சட்டையை முழுக்கை போட்டு மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். தப்பு செய்தால் திட்ட மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு, தன் ஹெட்செட்டை நம் போர்டிலேயே செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் பேச மாட்டார். எங்கே தப்பு என்று நமக்கே தெரிந்து நாமே திருத்திக்கொள்ளும் வரை எழுந்திருக்க மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். அவருடைய இங்கிலீஷ் முழுக்க இலாகா விதிப் புத்தகத்தில் படித்தது. வாக்கியம் சின்னதாக, காய்ந்து, சரியாக இருக்கும்.

என் முதல் வாரத்தில் மழைக் காற்றில் விழுப்புரம் லைன் அறுந்தது. மெட்ராஸ் ஆபரேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் சுத்தமான உச்சரிப்பில், "தி லைன் ஹாஸ் பார்ட்டட்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "யாரை விட்டுப் பிரிஞ்சுது? புருஷனையா?" பக்கத்துச் சீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஸ்டூல் வந்தது. சார் உட்கார்ந்தார். நான் யோசித்து யோசித்து, "லைன் அவுட் ஆஃப் ஆர்டர்" என்று சொன்னதும் எழுந்தார். போகும்போது மெதுவாகக் கேட்டார். "அந்த வார்த்தை எங்க கத்துக்கின?"

"கதைப் புக்குல சார். கப்பல் கயிறு அறுந்தா அப்படித்தான் சொல்றாங்க."

"தப்பு இல்ல. ஆனா அந்தம்மா கப்பல்ல இல்ல." கொஞ்சம் நின்றார். "பாரும்மா நூரு, நாம சொல்லத் தூக்கினு போறவங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ அத அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய் வெக்கணும். அர்த்தம் நம்ம வேல இல்ல."

இதை அவர் எல்லாரிடமும் சொல்வார். நானும் ரொம்ப காலம் அதையே பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரே ஒருநாள் அது போதவில்லை.

அது ஐப்பசி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து மணலூர்பேட்டைப் பக்கம் வயலெல்லாம் மூழ்கிவிட்டது என்று காலையிலிருந்து மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. அரசாங்க வண்டியெல்லாம் அங்கே போய்விட்டது. தாலுக்கா ஆபீஸில் கடைசியாக ஒரே ஒரு ஜீப் நின்றது. அதிலும் அரிசி மூட்டையும், அத்தா கடையிலிருந்து எடுத்த வடமும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கல்வராயன் மலைக்கு அப்போது ஒரே லைன். கச்சிராயப்பாளையம் வரை வந்து, அங்கிருந்து மரத்துக்கு நடுவே வளைந்து வளைந்து மேலே கரியாலூர் பங்களாவுக்குப் போகும். குரங்கு ஊஞ்சலாடினாலே பேச்சு கேட்காது. மழையென்றால் சொல்லவே வேண்டாம். அந்த மதியம் மலை லைனின் மூடி விழுந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கார்டைச் செருகினேன்.

ஒரு ஆண் குரல். இங்கிலீஷ். வடக்கத்தி உச்சரிப்பு. சத்தம் போட்டுப் பேசுகிறார், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நான் கையைத் தூக்கினேன். தணிகாசலம் சார் ஓடி வந்து தன் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டார். எங்கள் இருவர் காதிலும் விழுந்தது இவ்வளவுதான்: "ரோட் வாஷ்ட் அவே..." ஒரே இரைச்சல். "டிரைவர் லெஃப்ட்..." ஒரு கொரகொரப்பு. "...ஹை அண்ட் ட்ரை. சின்ஸ் மார்னிங்..." அதோடு லைன் செத்துவிட்டது. நான் திரும்பத் திரும்ப மணி அடித்தேன். ஒன்றும் இல்லை.

அவர்கள் யார் என்று தெரியும். வடக்கேயிருந்து செடி கொடி சேகரிக்க வந்த மூன்று கல்லூரி ஆசிரியர்கள். இரண்டு நாள் முன்னால் பஸ் ஸ்டாண்டில் டாக்ஸி பிடித்து மலைக்குப் போனவர்கள்.

தாலுக்கா ஆபீஸுக்குப் போட்டேன். துணைத் தாசில்தார் எடுத்தார். வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"இன்னாம்மா இது, ஹை அண்ட் ட்ரைன்னா இன்னா? அவங்க ஆபத்துல இருக்காங்களா இல்லியா? ஜீப்பு கெளம்பிக்கினு இருக்குது, சீக்கிரம் சொல்லு."

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு தணிகாசலம் சாரைப் பார்த்தேன்.

அவர் அந்த வாக்கியத்தை விரலால் மேஜையில் வரி வரியாக வைக்கிற மாதிரி சொன்னார். "டிரைவர் லெஃப்ட். டிரைவர் கெளம்பிட்டாரு. ஹை, ஒசரத்துல இருக்காங்க. ட்ரை, நனையாம இருக்காங்க. பத்திரமா இருக்கோம், கவலப்படாதீங்கன்னு சொல்றாரு. ஜீப்பு மணலூர்பேட்டைக்கே போவட்டும்."

அந்தச் சொல்லை நான் வேறு இடத்தில் பார்த்திருந்தேன். அட்டை இல்லாத அந்த முதல் புத்தகத்தில் மூன்று பேர் ஒரு படகில் மணல் திட்டுக்கு வருவார்கள். கடல் வற்றி, படகு காய்ந்த மணலில் உட்கார்ந்துவிடும். நாலாவது ஆள், அவர்களை அழைத்து வந்தவன், தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்த மூன்று பேரும் இருந்த நிலைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். உயரத்தில் இருக்கிறார்கள், காய்ந்த இடத்தில் இருக்கிறார்கள், ஆனால் நாதியில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறார்கள்.

"சார், எனக்கு நடுவுல 'அஸ்'னு கேட்டுச்சு. டிரைவர் லெஃப்ட் அஸ் ஹை அண்ட் ட்ரை. டிரைவர் எங்கள அம்போன்னு வுட்டுட்டுப் போய்ட்டான். அதான் சார் அர்த்தம்."

"எனக்கு அங்க கொரகொரப்புதான் கேட்டுது."

"எனக்குக் கேட்டுச்சு சார்."

"கேட்டுச்சா, இல்ல புக்குல இருந்ததால கேட்ட மாதிரி இருந்துச்சா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அது இன்றைக்கும் தெரியாது. அந்த இரைச்சலுக்குள் ஒரு குட்டி வார்த்தை இருந்ததா, அல்லது எனக்குப் பழகிய சொற்றொடர் தன் காலி இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டதா?

டெலிபோனில் துணைத் தாசில்தார், "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். சார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டார்.

"நூரு, உன்னுத வுடு. நான் சொன்னதே சரின்னு வெச்சுக்க. டிரைவர் கெளம்பிட்டான். எப்போ?"

"சின்ஸ் மார்னிங்னாரு சார். காலையிலயே."

"ரோடு அடிச்சுக்கினு போய்டுச்சு, அப்ப காரு வராது. நடந்துதான் எறங்கணும். இப்ப மதியம் தாண்டிடுச்சு. அவன் எங்க?"

நான் கார்டை எடுத்துக் கச்சிராயப்பாளையம் போஸ்டாபீஸில் செருகினேன். மலையிலிருந்து காலையிலிருந்து ஒரு ஈ காக்காய் இறங்கவில்லை என்றார்கள். அடுத்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

"மலைக்குப் போன டாக்ஸி யாருதுங்க? டிரைவர் திரும்பி வந்துட்டாரா?"

"நம்ம முனுசாமி வண்டிம்மா. வர்லியே. இன்னா வெசயம்?"

"சவாரிய மேலயே வுட்டுட்டுப் போய்ட்டாருன்னு..."

"முனுசாமியா?" டீக்கடைக்காரர் குரல் மாறிவிட்டது. "யாரும்மா சொன்னது? அவன் சாவு வூட்டுக்குப் போற அவசரத்துல கூட சவாரிய வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டுதான் போவான்."

எனக்குச் சுருக்கென்றது. என் மனதில் அதற்குள் தண்ணீர்ப் பீப்பாயோடு ஓடுகிற ஒருத்தனுக்கு டிரைவர் உடுப்புப் போட்டு முடித்திருந்தேன். அவனுக்கு முனுசாமி என்று ஒரு பெயர் இருக்கும் என்றே தோன்றவில்லை.

சார் என் கையிலிருந்து தாலுக்கா ஆபீஸ் லைனை வாங்கினார். விதிப் புத்தகத்தை விட்டு அவர் வெளியே வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"சார், இந்த வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்குது. எங்க ஆபரேட்டர் சொல்றபடி பாத்தா மேல மூணு பேரு கதியத்து நிக்கிறாங்க. நான் சொல்றபடி பாத்தா அவங்க பத்திரம், ஆனா டிரைவர் காலையிலயே நடந்து கெளம்பிட்டாரு, இன்னும் கீழ வந்து சேரல. எந்த அர்த்தமா இருந்தாலும் மலையில யாரோ ஒருத்தர் மாட்டிக்கினு இருக்காங்க. ஜீப்ப அனுப்புங்க."

அந்தப் பக்கம் துணைத் தாசில்தார் யாரையோ கூப்பிட்டு, அரிசி மூட்டையை இறக்கச் சொல்வது கேட்டது. வடம் இருக்கட்டும் என்றார்.

அதன் பிறகு எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மற்ற மூடிகள் விழுந்தன, மற்றவர்களை இணைத்தேன். வெல்ல மண்டிக்காரர் ஒருவர் ஏழு தடவை சேலம் கேட்டார். சாருக்கு டியூட்டி முடிந்து மாற்று ஆள் வந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலைப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது தப்பு செய்கிறேனோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கச்சிராயப்பாளையத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அது விழுந்தது. ஜீப் டிரைவர். "ஆளு கெடச்சுட்டாருங்க. உசுரு இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துக்கினு இருக்கோம்."

பிறகு தெரிந்த கதை இது. இரவு மழையில் பங்களாவுக்குக் கீழே ரோடு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. விடிந்ததும் முனுசாமி அண்ணன் ஆள் கூட்டி வரலாமென்று நடந்து இறங்கியிருக்கிறார். பாதி மலையில் ஓர் ஓடை. தாண்டும்போது தண்ணீர் இழுத்து, நடுவில் இருந்த பாறை இடுக்கில் கால் மாட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவர் கத்தினதைக் கேட்டு மலைக்காரர்கள் இரண்டு பேர் சாமைக் கொல்லையிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். கொடியை வெட்டி வீசிப் பார்த்திருக்கிறார்கள், தாங்கவில்லை. அவரைத் தூங்க விடாமல் கரையிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஜீப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மார்பு வரை ஏறியிருந்ததாம். வடத்தை மரத்தில் கட்டி, மலைக்காரர் ஒருவர் இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கித் தூக்கினார்.

அந்த மூன்று ஆசிரியர்களும் பங்களாவில் நனையாமல் பத்திரமாக இருந்தார்கள். மழை விட்டதும் நடந்தே இறங்கி வந்தார்கள். அவர்களில் பெரியவர், கண்ணாடி போட்டவர், நன்றி சொல்ல எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். வேலை நேரத்தில் வெளியாட்களோடு பேசக்கூடாது. சாரே என்னை எழுந்து வரச் சொன்னார். எனக்கு நன்றியெல்லாம் காதில் விழவில்லை. அந்த வாக்கியத்தை அவர் முன்னால் வைத்து, நடுவில் 'அஸ்' இருந்ததா என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. இருந்தது என்றார். டிரைவர் விடியற்காலையில் வந்து ஏதோ வேகமாகப் பேசினாராம், கையை ஆட்டினாராம், போய்விட்டாராம். பயந்து ஓடிவிட்டான் என்றுதான் மூன்று பேரும் முடிவு செய்தார்களாம். மதியம் வரை அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்களாம். புகார் சொல்லத்தான் டெலிபோனை எடுத்தாராம். "ஐ வாஸ் கம்ப்ளெய்னிங்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆக, சொன்னவர் நினைத்த அர்த்தம் என்னுடையது. நடந்தது சாருடையது. நான் சாரைப் பார்த்தேன். அவருக்கு இதில் ஏதோ ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அந்தக் காய்ந்த முகத்தில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு மலர்ச்சி. "அந்தப் புக்கு இருக்குதா உன்கிட்ட?" என்றார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தாவும் முனுசாமி அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். தணிகாசலம் சார் எங்களுக்கு முன்னாலேயே ஒரு பை ஆரஞ்சோடு அங்கே நின்றிருந்தார். அண்ணனுக்கு இடுப்பு வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் மனைவி.

"இந்தப் பொண்ணுதாங்களா போன எடுத்தது?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிடப் போனார். "அந்தக் கண்ணாடிக்காரரு நேத்து வந்திருந்தாரும்மா. என் கையப் புடிச்சிக்கினு ஏதோ சொல்லிக்கினே இருந்தாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு அவருக்கு. நமக்கு இன்னா புரியுது? நானும் தலைய ஆட்டினேன்."

"மலையில நீங்க அவங்ககிட்ட இன்னாண்ணே சொன்னீங்க?"

"இன்னா சொல்லுவேன்? நான் கீழ போய் ஆளக் கூட்டிக்கினு வரேன், நீங்க இங்கியே இருங்க, எங்கயும் எறங்காதீங்கன்னேன். கையாலயும் சாடை காட்டினேன். புரிஞ்சுதோ இல்லியோன்னு அந்தப் பாறையில கெடக்கும்போதெல்லாம் அதான் ரோசனை. எறங்கி வந்துட்டாங்கன்னா அவங்களும் ஓடையில மாட்டிப்பாங்களே. ஏம்மா, போன்ல என்னப் பத்தி இன்னா சொன்னாரு அவரு?"

அத்தா என்னைப் பார்த்தார். அவருக்கு வீட்டிலேயே முழுக்கதையும் சொல்லியிருந்தேன். சார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். சொன்ன சொல்லை அப்படியே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

"டிரைவர் காலையிலயே கெளம்பிட்டாரு, நாங்க மேட்டுல நனையாம பத்திரமா இருக்கோம், அப்படின்னாருண்ணே" என்றேன்.

முனுசாமி அண்ணன் தலையணையில் சாய்ந்து மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? பாஷ தெரியாட்டி இன்னா, நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்குது பாரு."

தணிகாசலம் சார் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டு, உரித்து உரித்து அவர் கையில் சுளை சுளையாக வைக்க ஆரம்பித்தார்.